ஐம்பதில் வளைந்த விரல்கள்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. கேள்வியாகவே அமைந்த இப்பழமொழிக்கு "வளையாது" என்பதுதான் விடை என்று நாம் அனைவரும் முடிவு கட்டிவிட்டோம். ஆதலால், பள்ளிப் பருவம் கடந்தபின் ஒரு புதிய எழுத்தைக் கற்பதும், கோணலான கையெழுத்தைத் திருத்திக்கொள்வதும், கைத்தொழில் ஒன்றைப் பழகுவதும் வீண் முயற்சி என எண்ணுவோர் பலர். அலுவல் முடிந்து வீடு திரும்பியபின் கிடைக்கும் சிறு ஓய்வைப் "பொழுதுபோக்கு" என்று சொல்லிப் போக்கியே விடுகிறோம். பொழுதைப் போக்குவது வேறு, அப்பொழுதினால் தம்மை ஆக்கிக்கொள்வது வேறு என்பதை நினைப்பவர் சிலரே.

பழமொழியின் விடையைச் சற்று மாற்றி எழுதிய ஓர் இடம் மகாராஷ்டிர மாநிலத்தில், புனே நகரின் வடகிழக்கே உள்ளது. அது கல்லூரியன்று, கலைக்கூடமன்று; உயர்ந்த மதிற்சுவர் சூழ்ந்த ஒரு சிறைச்சாலை. 1871ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஏரவாடா மத்தியச் சிறை இன்றும் சிறைச்சாலையாகவே இருந்து வருகிறது. கட்கியிலும் கண்டோன்மென்ட் பகுதியிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தார்க்கு அதன் மதில் நன்கு பழகிய காட்சி. அம்மதிலுக்குள் நடந்த அரசியல் நிகழ்ச்சிகளை வரலாறு விரிவாகப் பதிந்து வைத்திருக்கிறது. 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கியதும், 24ஆம் நாள் புனே ஒப்பந்தம் கையெழுத்தானதும் யாவரும் அறிந்தவை. ஆனால் அதே மதிலுக்குள், ஆரவாரம் ஏதுமின்றி, எழுதுகோலும் இராட்டையும் பழைய காகிதமும் கொண்டு நடைபெற்ற மற்றொரு வரலாறும் உண்டு. அதுவே இன்று நம் பேச்சுக்குப் பொருள்.

முதலில் காந்தியடிகளின் கையெழுத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அவருடைய கையெழுத்து அழகானதன்று. இதை அவரே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நல்ல கையெழுத்து கல்விக்கு இன்றியமையாதது அன்று என்ற தவறான எண்ணம் இளமையில் எப்படியோ தம் மனத்தில் புகுந்து, இங்கிலாந்து செல்லும் வரையில் நிலைத்திருந்தது என்கிறார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில், வழக்கறிஞர்களும் அங்கேயே பிறந்து படித்த இளைஞர்களும் எழுதிய முத்துப் போன்ற எழுத்துக்களைக் கண்டபோது நாணம் கொண்டார். திருத்திக்கொள்ள முயன்றும் காலம் கடந்துவிட்டதாக உணர்ந்தார். தம் அநுபவத்தினின்று அவர் கண்ட முடிவு சுவையானது. குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்குமுன் சித்திரம் கற்பிக்க வேண்டும்; பூவையும் பறவையையும் உற்று நோக்கி வரையப் பழகிய பின்னரே, எழுத்தையும் அவ்வாறு நோக்கி வரையும்படி செய்யவேண்டும் என்பதே அது. எழுத்து என்பது அறிவு மட்டும் அன்று. கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் தொழில் என்பதை இதனால் அவர் ஒப்புக்கொண்டார்.

கையெழுத்தைப் பொறுத்தவரையில் காந்தியடிகளும் பழமொழியின் பக்கமே நின்றார் என்று இதனைக் கொண்டு நாம் கருதலாம். அவருடைய சொல் அப்படி, செயலோ வேறு. அழகு வராவிட்டாலும் கையை அவர் ஓயவிடவில்லை. 1909ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா செல்லும் கப்பலில் அவர் "ஹிந்த் சுயராஜ்" என்ற நூலை எழுதினார். கையெழுத்துப் பிரதி 275 பக்கங்கள். வலக்கை களைத்தபோது இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வாறு இடக்கையால் எழுதியவை 40 பக்கங்கள். அப்போது அவருக்கு வயது நாற்பது. இரு கையாலும் எழுதும் இவ்வழக்கம் ஏரவாடாவிலும் தொடர்ந்தது.

1922ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அகமதாபாத்தில் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களில், சங்கர்லால் பாங்கரோடு, ஏரவாடாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ஐம்பத்திரண்டு வயதில், ஆறாண்டுக் காலம் நான்கு சுவர்களுக்குள் அடைபட வேண்டும் என்ற நிலையில் சாதாரண மனிதன் என் செய்வான்? விதியை நொந்துகொள்வான், அல்லது விடுதலை நாளை எண்ணிக்கொண்டிருப்பான். காந்தியடிகள் வகுத்ததோ ஒரு கால அட்டவணை. படிப்புக்கும் எழுத்துக்கும் ஆறு மணி நேரம், நூற்பதற்கும் பஞ்சு கொட்டுவதற்கும் நான்கு மணி நேரம் என ஒதுக்கினார். மகாபாரதத்தையும், கிப்பன் எழுதிய உரோமாபுரி வரலாற்றையும், இன்னும் பல நூல்களையும் படித்தார். வலமிருந்து இடமாக எழுதப்பெறும் உருது எழுத்தைப் பயின்றார். குழந்தைகளுக்கென்று குஜராத்தியில் ஒரு பாலபாடமும் எழுதினார்.

இந்தத் திட்டத்தை அவர் எவ்வளவு உயர்வாக மதித்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. உடன் சிறையிருந்த ஜெயராம்தாஸ் என்பவர், மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுயசரிதையை எழுதி முடிக்கும்படி வேண்டினார். படிப்புக்கு ஒரு திட்டம் வகுத்துக்கொண்டிருப்பதால், அது நிறைவேறும் வரையில் வேறொன்றைத் தொட இயலாது என்று அடிகள் மறுத்துவிட்டார். உலகம் எதிர்பார்த்த நூல் காத்திருந்தது. மாணவனின் பாடம் காத்திருக்கவில்லை. 1924ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் புனே ஸாஸூன் மருத்துவமனையில் அவருக்குக் குடல்வால் சிகிச்சை நடைபெற்றது. பிப்ரவரி 5ஆம் நாள் விடுதலையானார். விடுதலை சற்றுத் தாமதமாகியிருந்தால் சுயசரிதையையும் சிறையிலேயே முடித்திருக்கக்கூடும் என்று பின்னர் அதன் முன்னுரையில் குறித்தார்.

அடுத்த சிறைவாசம் 1930ஆம் ஆண்டு மே மாதம், உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி வந்தது. காந்தியடிகள் இச்சிறையை "ஏரவாடா மந்திர்" என்று பெயரிட்டு அழைத்தார். செவ்வாய்க்கிழமை தோறும் விடியற்காலைப் பிரார்த்தனைக்குப்பின் ஆசிரமத்தார்க்கு ஒரு விரதத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதுவார். ஆசிரமப் பஜனைப் பாடல்களை, மீராபென் பொருட்டு, ஆங்கிலத்தில் பெயர்த்து வந்தார். உடனிருந்த காகா காலேல்கர் வானத்து விண்மீன்களில் அவருக்கு ஆர்வம் ஊட்டினார். அவ்வார்வம் வளர்ந்து, அடுத்த சிறைவாசத்தின்போது பிரேம்லீலா தாக்கர்ஸே அம்மையார் தொலைநோக்கிக் கருவிகளை இரவல் அனுப்பும் அளவுக்குச் சென்றது.

அவ்வாண்டில் அங்கே உருப்பெற்ற மற்றொரு பொருள் ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதுதான் ஏரவாடா சக்கரம் எனப்படும் பெட்டி இராட்டை. பழைய இராட்டை பெரிய சக்கரம் உடையது; இடத்தை அடைத்துக்கொள்வது; பிரயாணத்தில் தூக்கிச் செல்ல ஒவ்வாதது. பெட்டி இராட்டையில் ஒன்றுக்கு இரண்டு சக்கரங்கள் படுக்கைவாட்டில் அமைந்தன. கையால் சுற்றும் பெரிய சக்கரம் கயிற்றினால் சிறிய சக்கரத்தைச் சுழற்றும். சிறிய சக்கரம் கதிரைச் சுழற்றும். இவ்வாறு வேகம் இருமுறை பெருகுவதால், பெரிய சக்கரம் செய்த வேலையைச் சிறிய பெட்டி செய்துவிடும். வேலை முடிந்தால் மடித்து மூடிக் கையில் எடுத்துச் செல்லலாம். 1929ஆம் ஆண்டில் அகில பாரத சர்க்கா சங்கம் சிறந்த இராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்திருந்தது. அப்பரிசுக்குரிய கடும் நிபந்தனைகளை எந்த இராட்டையும் நிறைவு செய்யவில்லை. ஆயினும் பல ஊர்களுக்குப் பரவியது, பரிசை நாடாமல், அன்றாடம் நூற்கும் ஒருவரின் தேவையிலிருந்து பிறந்த இந்தப் பெட்டிதான். ஒரு தொழிலை நாள்தோறும் கையால் செய்பவனுக்கே அதன் குறைபாடு புலனாகும். குறைபாடு புலனானவனுக்கே திருத்தமும் தோன்றும்.

1932ஆம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் மூன்றாம் முறையாக ஏரவாடா வந்தபோது உடன் வந்தவர் வல்லபபாய் படேல். மார்ச் மாதத்தில் மகாதேவ தேசாயும் வந்து சேர்ந்தார். மகாதேவர் முத்து முத்தான கையெழுத்துக்குப் பெயர் பெற்றவர். அச்சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பு, மூவரும் தங்கள் பொழுதை எவ்வாறு ஆண்டார்கள் என்பதை நமக்குக் காட்டுகிறது.

படேலைப் பற்றி நாம் கொண்டுள்ள சித்திரம் இரும்பு மனிதர் என்பது. பர்டோலி விவசாயிகளை நடத்திச் சென்றவர். பின்னாளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சுதேச சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்தவர். அந்தப் படேல் ஏரவாடாவில் என்ன செய்தார் தெரியுமா? பொட்டலங்களைச் சுற்றி வந்த காகிதங்களையும், ஒருபுறம் எழுதிய தாள்களையும் சேர்த்து வைத்து, அளந்து வெட்டி, மடித்து, ஒட்டி, உறைகள் செய்தார். காந்தியடிகளின் கடிதங்கள் அவ்வுறைகளில் புறப்பட்டுச் சென்றன. உறை செய்யும் நேர்த்தியில் அவருக்கு நிகரில்லை என்று அடிகளே பாராட்டினார். அதோடு, ஐம்பத்தாறாம் வயதில், சாதவலேகர் எழுதிய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சம்ஸ்கிருதத்தை முதல் பாடத்திலிருந்து கற்கத் தொடங்கினார். பெரிய வழக்கறிஞராக விளங்கியவர் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்துகொண்டு சிறை முற்றத்தில் உலவிய காட்சியை எண்ணிப் பாருங்கள்! அதில் வெட்கம் எதுவும் இல்லை. வெட்கத்தை விட்டவனுக்கே பாடம் வரும்.

அதே காலத்தில் காந்தியடிகளின் உருதுப் பயிற்சி ஒரு புதிய வழியை மேற்கொண்டது. பரோடாவில் வாழ்ந்த ரைஹானா தயாப்ஜி என்ற அம்மையாருக்குச் சிறையிலிருந்து கடிதம் எழுதும்போது சில வரிகளை உருதுவில் எழுதுவார். அம்மையார் பிழைகளைத் திருத்திப் பதில் அனுப்புவார். ஆசிரியர் வெளியே, மாணவர் உள்ளே; நடுவில் தணிக்கை அதிகாரியும் தபாற்பையும். அறுபத்திரண்டு வயது மாணவர், வயதில் தம் மகளைப் போன்ற ஆசிரியையிடம் தபால் மூலம் எழுத்துக் கற்றார். இவ்விதக் கடிதங்களில் எழுத்துக் கோணியது உண்டு. சொற்பிழை நேர்ந்தது உண்டு. ஆயினும் கடிதம் நிற்கவில்லை.

இவ்வரலாற்றில் மனத்தை உறுத்தும் ஒரு பகுதியும் உண்டு. அதையும் சொன்னால்தான் உண்மை முழுமை பெறும். ஏரவாடாச் சிறைக்கு அணித்தே, நகர் சாலையில், ஆகாகான் மாளிகை இருக்கிறது. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காந்தியடிகளும் அவரைச் சேர்ந்தவர்களும் அங்கே காவலில் வைக்கப்பட்டனர். ஆகஸ்டு 15ஆம் நாள் மகாதேவ தேசாய் அங்கேயே உயிர் நீத்தார். அந்தத் துயரத்தினிடையே, காந்தியடிகள் கஸ்தூரிபாய் அம்மையாருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலானார். அம்மையாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. இளமையில் பள்ளி செல்லும் வாய்ப்புக் கிட்டாதவர். எனினும் குஜராத்தி எழுத்தையும் பூகோளத்தையும் ஆவலோடு கற்க அமர்ந்தார். எழுதிப் பழகுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும் என்று ஒருநாள் அவர் கேட்டார். முதலில் தனித்தாள்களில் எழுதிப் பழகலாம், கையெழுத்துச் சற்றுத் திருந்திய பிறகு நோட்டுப் புத்தகம் வாங்கலாம் என்பது கணவரின் விடை. அவ்விடை அம்மையாரின் மனத்தைப் புண்படுத்தியது. பின்னர் நோட்டுப் புத்தகம் கிடைத்தபோதும் அதில் எழுத அவர் விரும்பவில்லை. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் அதே மாளிகையில் அவர் காலமானார். உடனிருந்த டாக்டர் சுசீலா நய்யார் எழுதிய நினைவுகளின் வாயிலாக இது நமக்குத் தெரியவருகிறது.

காந்தியடிகளின் விடையில் தீய எண்ணம் எதுவும் இல்லை. காகிதத்தை வீணாக்காத சிக்கனமும், கையெழுத்தைப் பற்றித் தமக்கிருந்த பழைய வேதனையும் அவ்வாறு பேச வைத்தன போலும். ஆனால் கற்கத் துணிந்த முதியவரின் உள்ளம் எவ்வளவு மெல்லியது என்பதை அந்த எழுதப்படாத நோட்டுப் புத்தகம் காட்டுகிறது. ஏரவாடாவின் பாடம் இரண்டு பகுதிகள் கொண்டது என்று சொல்லலாம். எந்த வயதிலும் விரல் வளையும் என்பது ஒன்று. வளையும் விரலைக் கண்டித்து ஒடிக்கலாகாது என்பது மற்றொன்று. நோட்டுப் புத்தகம் நல்ல கையெழுத்துக்குக் கிடைக்கும் பரிசன்று. நல்ல கையெழுத்துக்கு வழி.

இனி, இச்செய்தி பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு எவ்வாறு பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

காந்தியடிகள் பயின்ற அயல் எழுத்துக்களில் நம் தமிழும் ஒன்று. 1896ஆம் ஆண்டுக் கப்பற் பிரயாணத்தில், கப்பல் மருத்துவர் கொடுத்த ஒரு தமிழ்ப் பாடப் புத்தகத்தைக் கொண்டு அவர் தொடங்கினார். தென்னாப்பிரிக்கச் சிறைகளில் தொடர்ந்தார். அங்குத் தம்மோடு நின்று போராடிய தமிழ்த் தொழிலாளரின் அன்பே அதற்குத் தூண்டுகோல். பேசப் பழகவில்லை, படிக்கத் தெரிந்த சிறிதும் பழக்கமின்மையால் துருப்பிடித்து வருகிறது என்று சுயசரிதையில் வருந்தியிருக்கிறார். ஆயினும் அத்துருவைத் துடைக்க அவர் தயங்கியதில்லை. 1945ஆம் ஆண்டில், எட்டயபுரத்தில் எழவிருந்த பாரதி நினைவு மண்டப முயற்சிக்குத் தம் ஆசியைத் தமிழிலேயே, தம் கையாலேயே எழுதி, தமிழில் கையொப்பமும் இட்டு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. அந்த எழுத்துக்களில் அழகைத் தேடுவோர் ஏமாறுவர். அன்பைத் தேடுவோர் ஏமாறார்.

அந்நிய மொழியாளர் ஒருவர் எழுபத்தைந்தாம் வயதில் நம் எழுத்தை எழுதினார். நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலை என்ன? புனேயிலும் மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தமிழை நன்றாகப் பேசுவார்கள். பள்ளியில் மராத்தியோ இந்தியோ ஆங்கிலமோ எழுதுவார்கள். தமிழ் எழுத்தோ அவர்களுக்குக் கடைப் பலகையில் கண்ட சித்திரம். பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. கைப்பேசியில் பேசியே காரியம் முடித்துக்கொள்ளும் இக்காலத்தில், பெற்றோரும் தமிழில் ஒரு முழுக் கடிதம் எழுதி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைத் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நடைமுறை இழப்பும் உண்டு. பல வீடுகளில், தகரப் பெட்டியின் அடியில், பாட்டனாரும் பாட்டியாரும் ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள் கிடக்கின்றன. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்டதற்கு முன்னர், "லை", "னை", "ணா", "றா" போன்ற எழுத்துக்கள் வேறு வடிவத்தில் எழுதப்பட்டன. யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த பழைய "லை"யைக் கண்டு இக்காலப் பிள்ளை திகைத்து நிற்கும். ஓலைச்சுவடியைப் படிக்கப் புலவர் வேண்டியிருந்தது போல, பாட்டியின் அஞ்சலட்டையைப் படிக்கவும் ஒருவரைத் தேடும் நிலை வந்துவிடலாகாது. அவ்வெழுத்தை அறிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே, அக்கடிதத்தைப் பார்த்து எழுதும் பழக்கத்தைப் பிள்ளைக்கு உண்டாக்கலாம். எழுத்தும் தங்கும்; பாட்டியும் தங்குவாள்.

எழுத்துக் கலை குடும்பத்தின் வழியாகத்தான் நிலைத்து வந்திருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் ஆங்கில மூலப்படியைத் தம் கையால் எழுதிய பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா, அக்கலையைத் தம் பாட்டனாரிடம் கற்றவர். அப்பெரும் பணிக்குக் கூலி வேண்டாமல், பக்கந்தோறும் தம் பெயரும், இறுதிப் பக்கத்தில் பாட்டனார் பெயரும் இடம்பெற வேண்டும் என்பதையே அவர் கேட்டார். இந்தி மூலப்படியை எழுதியவர் வசந்த கிருஷ்ண வைத்யா. அது எழுதப்பெற்ற கைக்காகிதம், ஏரவாடாவிலிருந்து ஆற்றைக் கடந்தால் எட்டிவிடும் புனே நகரத்துக் கைக்காகித நிலையத்தில் செய்தது.

நாம் அத்துணைப் பெரிய பணிக்கு ஆயத்தம் செய்ய வேண்டுவதில்லை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் செய்ததைச் செய்தால் போதும். அங்கே பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதியது. விரல் வடிவத்தை உணர்ந்தபின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. அதே முறையில், தினம் அரைமணி நேரம், பிள்ளையார் சுழியிட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதிப் பழகலாம். "அ"வின் சுழியும், "ஆ"வின் காலும், "இ"யின் வளைவும் நிதானமாக வரட்டும். வேகம் பின்னர் வரும். பிள்ளை எழுதும்போது தாயும் தந்தையும் அருகில் அமர்ந்து தாமும் எழுதுவது நலம். வாரம் ஒருமுறை ஊரிலுள்ள தாத்தாவுக்கோ அத்தைக்கோ ஒரு கடிதம் எழுதச் செய்யலாம். பழைய காகிதத்தில் உறை செய்யப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். படேல் செய்த வேலை அது, நமக்கு இழிவாகாது.

கடிதத்தில் பிழை இருக்கும். பெறுகிறவர் பிழையைப் பெரிதாக்காமல், திருத்திப் பதில் எழுதினால் போதும். பரோடா அம்மையார் செய்தது அதுவே. முதல் நாளே பிள்ளைக்கு ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துத் திருந்தட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் எழுதப் படிக்கக் கற்காத முதியவர் ஒருவர் இருந்தால், அவருக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.